சீர் அண்டாவில் வால் வளர்த்த முனிரத்தினம்

முனிரத்தினம் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது மணிமங்கலத்தில், என் தம்பி தணிகாசலத்தின் வீட்டில், தரகர் வாயால். தம்பி மகள் சசிகலாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். தரகர் ஜாதகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "பையன் பேரு முனிரத்தினம். படப்பை. ஒரகடத்துல கம்பெனி வேலை" என்றார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் நட்சத்திரத்தைக் கேட்பதற்கு முன்பே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. தம்பி அதைத்தான் கேட்டான்.

"பர்மனெண்ட்டா, காண்ட்ராக்டா?"

தரகர் சொம்பை எடுத்து நிதானமாகத் தண்ணீர் குடித்தார். "பர்மனெண்ட்டு மாதிரி" என்றார்.

"மாதிரின்னா இன்னாபா?"

"அதே கேட்டுல தான் உள்ள போறாரு. அதே கேண்டீன்ல தான் துன்றாரு. டேக் மட்டும் கலரு வேற."

கழுத்தில் ஐடி கார்டு மாட்டுகிற பட்டையைத்தான் டேக் என்பார்கள். பர்மனெண்ட்டுக்கு நீலம், காண்ட்ராக்டுக்கு மஞ்சள். தம்பி முகம் சுருங்கிவிட்டது. நான்தான் நடுவில் புகுந்து பையனுடைய தாய் வழியை விசாரித்தேன். மாடம்பாக்கத்தில் கொடுத்த எங்கள் சின்ன அத்தைக்கு ஓரகத்தி ஒருத்தி இருந்தாள்; அவளுடைய மகள் வயிற்றுப் பேரன்தான் இந்தப் பையன் என்று தெரிந்தது. அந்த ஓரகத்தியை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கல்யாணப் பந்தியில் ரசத்தில் உப்பு கம்மி என்று எழுந்து, ஒரு கையில் உப்புக் கிண்ணமும் மறு கையில் கரண்டியுமாக, உட்கார்ந்திருந்த அறுபது பேர் இலையிலும் தானே ரசத்தைச் சரிசெய்துகொண்டு போனவள். வேண்டாம் என்றவர்களுக்கும் சரிசெய்தாள். குறையைப் பார்த்தால் கை சும்மா இருக்காத வம்சம். அதை நல்ல குணம் என்று நினைத்து, கொடுக்கலாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

தம்பி கொடுத்த சீரில் ஒரு எவர்சில்வர் அண்டா இருந்தது. இரண்டு பக்கமும் வளையம், கனமான மூடி. கழுத்தில் 'த. சசிகலா, மணிமங்கலம்' என்று பெயர் வெட்டியிருக்கும். அதில் ஒரு சொம்புத் தண்ணீர்கூடச் சசிகலா ஊற்றியதில்லை. பழைய புடவையைச் சுற்றிப் பரண்மேல் கவிழ்த்து வைத்திருந்தாள். வருகிறவர்களுக்குப் புடவையை விலக்கிப் பெயரை மட்டும் காட்டுவாள்.

முனிரத்தினத்துக்கு அப்போது கார்க் கதவுக்குப் பாகம் செய்கிற கம்பெனியில் சோதனை மேஜையில் வேலை. பீஸ் வரும். திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நன்றாக இருந்தால் ஓகே, பச்சை டப்பா. சின்னச் சிராய்ப்பு இருந்தாலும் என்ஜி, அதாவது தேறாதது. அதற்குச் சிவப்பு டப்பா. எடுத்த இடத்தில் உடனே நல்ல பீஸ் ஒன்றை வைத்துவிட வேண்டும், வரிசையில் பள்ளம் விழக்கூடாது. என்ஜி ஆனதை நோட்டில் எழுத வேண்டும்: தேதி, நேரம், என்ன குறை. பதினோரு வருஷம் இதையே செய்தார். கை அப்படியே பழகிவிட்டது. வீட்டில் இட்லித் தட்டு வந்தால் விளிம்பு உடைந்ததைத் தனியாக ஒதுக்குவார்.

"இட்லிக்கு இன்னாங்க ரிஜெக்டு?" என்று சசிகலா கேட்டால், "துன்றேன், துன்றேன். தனியா துன்றேன்" என்பார்.

ஒரு பொங்கலுக்கு என் வீட்டுக்கு வந்தவர், நான் சுட்ட முறுக்கில் நாற்பதைத் தள்ளிவிட்டு பதினொன்றைப் பாஸ் செய்தார். மரியாதையான மனிதர். "பெரிம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க, சுத்து டைட்டா இல்ல" என்றார். மாமனாருக்கு அக்காள் என்பதால் நான் அவருக்குப் பெரியம்மா முறை. அதிலும் பிழையில்லாமல் அழைப்பார்.

பன்னிரண்டாம் வருஷம் கம்பெனியில் காண்ட்ராக்டர் மாறினார். மஞ்சள் டேக் ஆட்களைத் திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் திங்கட்கிழமையே சசிகலா இரண்டு பெட்டியோடு மணிமங்கலம் வந்து இறங்கினாள். அண்டா கனம் என்பதால் விட்டுவிட்டு வந்தாள்.

"ரெண்டாவது தடவை பர்மனெண்ட்டு மாதிரின்னு சொல்லிக்கினு எவனும் வரக்கூடாது" என்றாள். "நீல டேக்கைக் கழுத்துல மாட்டிக்கினு வந்து கூப்பிடச் சொல்லு. அன்னிக்கு வரேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். முனிரத்தினம் வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். அவரும் அவளும் நேராகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். நடுவில் நான்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிறு முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"பெரிம்மா, வேலை கெட்ச்சிடுச்சி."

"இன்னா வேலை?"

"தலைப்பிரட்டை."

எனக்கு விளங்கவில்லை. வல்லம் பக்கம் புதிதாக ஒரு ஆராய்ச்சிக்கூடம் கட்டியிருக்கிறார்கள், அதில் தொட்டி அறைக்கு ஆள் எடுத்தார்கள் என்றார். தவளைக் குஞ்சின் வாலை வெட்டிவிட்டுத் திரும்ப வளர்கிறதா என்று பார்ப்பார்களாம்.

"பாவம் இல்லியா?"

"மயக்கத் தண்ணில போட்டு, தூங்குறப்ப நுனியை மட்டும் தான் பெரிம்மா. அதுக்கே தெரியாது."

உள்ளேயிருந்து சசிகலா குரல் கொடுத்தாள். "அத்தே, அதுக்கு வால் வளந்தா இவருக்கு இன்னா வளருமாம், கேளு."

"நல்லா வேலை செஞ்சா நீல டேக்குன்னு டைரக்டர் சாரே சொல்லிக்கிறாருன்னு சொல்லுங்க பெரிம்மா."

"வரட்டும், பாக்கலாம்னு சொல்லு அத்தே."

இரண்டு பேருக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை.

தொட்டி அறையில் அவருக்கு மேலே இருந்தது ஐஸ்வர்யா என்ற பெண். தாம்பரத்துப் பெண், டாக்டர் என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வாள், ஆனால் ஊசி போடமாட்டாள். அவள் முனிரத்தினத்துக்குப் புரிகிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னாளாம். அவர் வந்து எனக்குச் சொன்னார். உடம்பில் கண்ணுக்குத் தெரியாத செல் கோடிக்கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் முழு உடம்புக்குமான டிராயிங் ஒரு புத்தகம்போல இருக்கிறது. அதில் ஒவ்வொரு பக்கமும் ஒரு ஜீன். தலைப்பிரட்டையின் வாலை வெட்டினால், காயத்துக்குப் பக்கத்தில் உள்ள செல்கள் புத்தகத்தில் சில குறிப்பிட்ட பக்கங்களைத் திறக்கும். திறந்தால் செல்கள் கூடி, ஒரு வாரத்தில் நரம்பு, தசை எல்லாவற்றோடும் புதுவால் வந்துவிடும். இங்கேதான் ஒரு வேடிக்கை. பிறந்து இரண்டு மூன்று நாளில் வெட்டினால் வளரும். பத்து நாள் கழித்து வெட்டினாலும் வளரும். ஐந்தாம் ஆறாம் நாள் வாக்கில் வெட்டினால் மட்டும் வளராது. தோல் மூடிக்கொண்டு மொட்டையாக நின்றுவிடும்.

"பக்கம் கிழியல அண்ணா, அந்த ரெண்டு நாள் மூடியிருக்கு. யார் மூடறா, யார் தொறக்கறான்னுதான் தேடறோம்" என்றாளாம் ஐஸ்வர்யா.

"மனுசனுக்கு அந்தப் பக்கம் கீதாமா?" என்று நான் கேட்டேன்.

"சிலது கீதாம். தொறக்கறது இல்லியாம். சிலது நம்ம வம்சத்துலயே தொலஞ்சி போச்சாம்."

"எந்தத் தலைமுறையில தொலைச்சாங்க? கேட்டியா?"

"கேட்டேன் பெரிம்மா. பல கோடி வருஷமாம்."

அப்படியென்றால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

ஐஸ்வர்யாவின் சோதனை இதுதான். ஐந்தாம் நாள் குஞ்சுகளை எடுத்து வாலை வெட்டி, இரண்டு ட்ரேயில் இருபது இருபதாக விடுவாள். ஏ என்ற ட்ரேயில் அவள் புதிதாகக் கண்டுபிடித்த சொட்டு மருந்து. அது மூடிய பக்கத்தைத் திறக்குமா என்று பார்க்க. பி என்ற ட்ரேயில் வெறும் தண்ணீர். ஏழு நாள் கழித்துத் தானே வந்து எண்ணுவாள். அதுவரை தண்ணீர் மாற்றி, தீனிக்குப் பச்சைப்பொடி தூவிப் பார்த்துக்கொள்வது முனிரத்தினத்தின் பொறுப்பு.

"நல்லா பாத்துக்கங்க அண்ணா. இதுல வர்ற ரிசல்ட்டை வச்சுதான் எல்லாமே."

"ரிசல்ட் நல்லா வந்தா மேடம்?"

"நம்ம எல்லாருக்குமே நல்லது."

அவள் அதை ஒரு பேச்சுக்குச் சொன்னாள். முனிரத்தினம் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

வெட்டி ஐந்து நாள் ஆயிற்று. பி ட்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். இருபதும் மொட்டை. ஏ ட்ரேயில் மூன்றுக்கு மட்டும் வால் துளிர்த்திருந்தது, மீதி பதினேழும் மொட்டை. பதினோரு வருஷத்தில் ஒரே ட்ரேயில் இருபதும் என்ஜி என்று அவர் பார்த்ததே கிடையாது. அடுத்த அறையில் பெரிய தொட்டி. அதில் அதே நாள் பிறந்த, வால் வெட்டாத ஸ்பேர் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் நீந்திக்கொண்டிருந்தன. முனிரத்தினத்தின் மூளை என்ன நினைத்ததோ தெரியாது, கைக்கு வேலை தெரியும். மொட்டை ஒவ்வொன்றையும் கரண்டியால் எடுத்தார். அந்த இடத்தில் அளவு பார்த்து முழுவால் குஞ்சு ஒன்றை விட்டார். தன் சட்டைப் பை நோட்டில் எழுதினார்: 'பி ட்ரே, 1, வால் இல்லை, என்ஜி.' முப்பத்தேழு வரி.

எடுத்ததை என்ன செய்வது? சிவப்பு டப்பா அங்கே இல்லை. அவர் பழகிய கம்பெனியில் ரிஜெக்ட் இரண்டு வகை: சரிப்படவே படாதது ஸ்கிராப், சரிசெய்யக்கூடியது ரீவொர்க். மூடிய பக்கம் பத்து நாள் கழித்துத் திறக்கும் என்று மேடமே சொல்லியிருக்கிறாள். அப்படியானால் இது ஸ்கிராப் இல்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பிடித்து, மதியச் சாப்பாட்டுப் பையில் வைத்து, படப்பைக்குக் கொண்டுவந்தார். வீட்டில் வாளி ஓட்டை. குடம் பிளாஸ்டிக், மூடி இல்லை. பரண்மேல் பார்த்தார்.

புடவையைப் பிரித்தார். அண்டாவைக் குளியலறையில் வைத்துச் சுற்றிலும் ஈரச்சாக்குப் போட்டார். நல்ல தண்ணீரை ஒரு நாள் ஆறவைத்து ஊற்றினார். கீரையை வேகவைத்து, வடிகட்டி, சாற்றை விட்டார். பிறந்து பத்து நாள் தாண்டியதும், கூடத்திலிருந்து கொண்டுவந்த மயக்கத் தண்ணீரும் புது பிளேடுமாக உட்கார்ந்து, ஒவ்வொன்றின் மொட்டை நுனியிலும் மயிரிழை அளவு மறுபடி சீவிவிட்டார். அதையும் எழுதினார்: 'ரீவொர்க்.'

அங்கே ஏழாம் நாள் ஐஸ்வர்யா வந்து ட்ரேயை எண்ணினாளாம். மூன்று தடவை எண்ணினாள். உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தாள். ஓடிப்போய் டைரக்டர் கோமதிநாயகத்தைக் கூட்டிவந்தாள். அவர் திருநெல்வேலிக்காரர்.

"இருபதுக்கு இருபதா?"

"ஆமா சார். வெட்டின தழும்பே இல்ல."

"மருந்து ஊத்துன ட்ரேயில தானம்மா?"

"ஊத்தாததுலயும் சார்."

"அப்போ உன் மருந்துக்கு அங்க என்ன சோலி?"

ஐஸ்வர்யா எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி செய்தாள். மறுபடியும் இருபதுக்கு இருபது. மூன்றாவது தடவையும் அப்படியே. மருந்து ஊற்றினாலும் வளர்கிறது, ஊற்றாவிட்டாலும் வளர்கிறது என்றால் இரண்டுக்கும் பொதுவானது எது? தண்ணீர். செம்பரம்பாக்கம் பக்கத்துக் கிணற்றிலிருந்து லாரியில் வருகிற தண்ணீர். கோமதிநாயகம் லாரிக்காரரை வரவழைத்து நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"உங்க தண்ணியில என்னமோ இருக்கு."

லாரிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஒண்ணும் இல்ல சார். சுத்தமான தண்ணி."

"இருக்குங்கேன். உண்மையைச் சொல்லுங்க, நல்லதுக்குத்தான் கேக்கேன்."

"என் புள்ளை மேல சத்தியமா ஒண்ணும் இல்ல சார்."

அதன் பிறகு அவர் மூன்று நாள் அந்தப் பக்கமே வரவில்லை. கோமதிநாயகம் வேறு லாரி வைத்து அந்தக் கிணற்றுத் தண்ணீரை அறுபது பாட்டிலில் பிடித்து, நம்பர் ஒட்டி அடுக்கினார். பெங்களூரிலிருந்து பெரிய விஞ்ஞானிகள் மூன்று பேர் இதைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. முனிரத்தினத்தின் தோளில் கைவைத்து, "நீங்க கைராசிக்காரருய்யா. அவங்க வர்ற அன்னைக்கே உங்களுக்கு நீல டேக்" என்றார்.

அந்த ஞாயிறு அவர் மணிமங்கலத்தில் வந்து சொன்னதும் தம்பி தணிகாசலம் எழுந்து போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்தான். வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம். பெங்களூர்க்காரர்கள் வருவதும் அன்றுதான்; நீல டேக்கோடு அவர் திரும்பும்போது அவள் வீட்டில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. கோபித்துக்கொண்டு வந்த பெண்ணைத் தனியாக அனுப்புவது வழக்கமில்லை, பெரியவள் ஒருத்தி கொண்டுபோய் விடவேண்டும். வெள்ளி காலை நானும் சசிகலாவும் பெட்டிகளோடு படப்பை போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளை முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். வீடு பெருக்கி, வாசலில் கோலம்கூடப் போட்டிருந்தது. சசிகலாவுக்கு முகம் மலர்ந்தது. கை கால் கழுவக் குளியலறைக்குப் போனாள்.

ஈரச்சாக்கை இழுக்கிற சத்தம் கேட்டது.

"அத்தே, இங்க வா."

போனேன்.

"என் அண்டாவுல இன்னா கீது?"

மூடியை விலக்கிப் பார்த்தேன். கறுப்பும் சாம்பலுமாகக் கண்ணாடிபோல நெளிந்துகொண்டிருந்தன. சிலதுக்கு வால். சிலதுக்கு அரைவால். சிலது மொட்டை. இரண்டு மூன்றுக்குப் பின்னங்கால்கூட முளைத்திருந்தது.

"தலைப்பிரட்டை" என்றேன்.

"அது தெர்து. என் அண்டாவுல இன்னாத்துக்கு கீது?"

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'ரிஜெக்ட் ஏரியா. அனுமதி இன்றி தொடக்கூடாது.' அண்டாவின் கழுத்தில், அவள் பெயருக்கு மேலேயே, ஒரு சிவப்பு ஸ்டிக்கர். சசிகலா தாளைப் படித்தாள், ஸ்டிக்கரைப் பார்த்தாள், மூடியைப் போட்டாள்.

"அந்தப் பக்கம் பிடி அத்தே."

"எங்கடி?"

"கம்பெனிக்கு. கம்பெனி சரக்கு கம்பெனிக்கே போவட்டும்."

என் வயசுக்கு அண்டா தூக்கக்கூடாது. தூக்கினேன். ஷேர் ஆட்டோக்காரன் பார்த்துவிட்டு, "இன்னாமா, பிரியாணியா?" என்றான்.

"இல்ல."

"சாம்பாரா?"

"ஓட்டுப்பா நீ."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மூடியை மோந்து பார்த்துவிட்டு, "இன்னும் வேகல போல" என்றாள். ஒரகடம் கூட்ரோட்டுக்கு முன்னால் ஒரு பள்ளம். ஆட்டோ தூக்கிப் போட்டதில் மூடி நழுவி, அண்டாத் தண்ணீர் எதிரில் இருந்த ஷிப்ட் ஆளின் ஷூமேல் கொட்டியது. அவர் குனிந்து பார்த்தார். ஷூவின் மேல் ஒரு தலைப்பிரட்டை துடித்துக்கொண்டிருந்தது.

"அசையாதீங்க" என்றாள் சசிகலா. இரண்டு விரலால் பூப்போல எடுத்து உள்ளே விட்டாள். பிறகு மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள். "எழுவத்தி மூணு, எழுவத்தி நாலு. அத்தே, ஆட்டாதே."

"எதுக்குடி எண்றே?"

"ஒண்ணு கொறஞ்சிதுன்னு அவங்க சொல்லக்கூடாது இல்ல."

கேட்டில் செக்யூரிட்டி மறித்தார். அந்தச் சாலையில் எந்தக் கம்பெனியிலும் இந்தச் சட்டம் உண்டு. ஆள் போகிறதைவிடச் சாமான் போகிறது கஷ்டம்.

"மெட்டீரியல் உள்ள போவணும்னா கேட் பாஸ் போடணும்மா. ரிட்டர்னபிளா, நான் ரிட்டர்னபிளா?"

திரும்பி வெளியே வருமா வராதா என்று கேட்கிறார். சசிகலா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அண்டா ரிட்டர்னபிள். உள்ள கீறது நான் ரிட்டர்னபிள்."

அவர் அப்படியே எழுதி, சீட்டைக் கிழித்து அவள் கையில் கொடுத்தார். கூட ஒரு ஆளை அனுப்பினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெரிய அறையில் நீள மேஜையில் அறுபது தண்ணீர் பாட்டில். ஒரு பக்கம் பெங்களூர்க்காரர்கள் மூன்று பேர். கோமதிநாயகம் கையில் ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். மூலையில் முனிரத்தினம் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார். மேஜை ஓரத்தில் புது நீல டேக் சுருட்டி வைத்திருந்தது. அதைச் சசிகலாவும் பார்த்தாள், நானும் பார்த்தேன். அவள் அண்டாவை மேஜைமேல் வைத்தாள். பாட்டில்கள் குலுங்கின.

"உங்க சரக்கு. எண்ணிக்கோங்க. தொண்ணூத்தி எட்டு."

ஐஸ்வர்யா எட்டிப் பார்த்தாள். "இது நம்ம குஞ்சு ஆச்சே. வெளிய எப்படிப் போச்சு?"

எல்லாரும் முனிரத்தினத்தைப் பார்த்தார்கள். அவர் மறைக்கத் தெரியாதவர். மறைக்க வேண்டியது ஏதும் இருப்பதாகவும் அவருக்குத் தோன்றவில்லை.

"ரிஜெக்டு மேடம். ரீவொர்க்ல கீது."

"என்ன ரிஜெக்ட்?"

"வால் வராதது. எடுத்துட்டு ஓகே பீஸ் வெச்சேன்."

"எந்த ஓகே பீஸ்?"

"ஸ்பேர் தொட்டியிலேர்ந்து. சைஸ் பாத்து தான் மேடம் வெச்சேன். கண்டபடி வைக்கல."

ஐஸ்வர்யா பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கோமதிநாயகம் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார்.

"அப்போ இந்தத் தண்ணியில?"

"தண்ணில ஒண்ணும் இல்ல சார்" என்றார் முனிரத்தினம்.

லாரிக்காரர் அதைத்தான் பிள்ளைமேல் சத்தியம் செய்து சொன்னார். பெங்களூர்க்காரர்களில் வழுக்கையாக இருந்தவர் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"ஒண்ணரை மாசம் அண்ணா" என்றாள் ஐஸ்வர்யா. அழுகை வந்துவிட்டது. "ஒண்ணரை மாசம் வெட்டாத வாலைப் பாத்து வளந்துடுச்சின்னு எழுதிட்டிருந்திருக்கேன்."

"ரிஜெக்ட்டை அப்படியே விட்டா திட்டுவீங்கன்னு நெனச்சேன் மேடம்."

"எனக்கு வேணும்னதே அந்த ரிஜெக்ட்தான் அண்ணா. எத்தனை வரலைங்கறதுதான் கணக்கு."

முனிரத்தினம் அப்படி விழித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பதினோரு வருஷத்தில் அவரிடம் யாரும் ரிஜெக்ட்டை வேண்டும் என்று கேட்டது கிடையாது. பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த நோட்டை எடுத்து நீட்டினார்.

"எல்லாம் எழுதி வெச்சிக்கிறேன் மேடம். எடுத்ததுல பதிமூணு செத்துப்போச்சி, மீதி தான் அண்டாவுல. தானா வளந்ததை நான் எடுக்கல. ஏ ட்ரேல மூணு தடவையும் சேத்து அறுவதுல ஒம்போது தானா வந்துது. பி ட்ரேல ஒண்ணு கூட இல்ல."

ஐஸ்வர்யா தலையை நிமிர்த்தினாள்.

"திரும்பச் சொல்லுங்க."

"ஏ ஒம்போது. பி சைபர்."

அவள் நோட்டைப் பிடுங்கிப் புரட்டினாள். மருந்து ஊற்றியதில் ஒன்பது, ஊற்றாததில் ஒன்றுமில்லை. மருந்துக்குக் கொஞ்சம் சோலி இருந்திருக்கிறது. "எழுதி வச்சதை மட்டும் நம்பிச் சொல்லிட முடியாது. முதல்லேர்ந்து திரும்பச் செய்யணும்" என்றாள். ஆனால் அழுகை நின்றுவிட்டது. வழுக்கைக்காரர் எழுந்து வந்து அண்டாவுக்குள் குனிந்தார். மொட்டையை மறுபடி சீவியதில் எத்தனை வளர்கிறது என்று கேட்டார். இன்னும் முடியவில்லை, முதல் தடவை எடுத்ததில் பாதிக்கு மேல் துளிர்த்திருக்கிறது என்றார் முனிரத்தினம். மூடிய பக்கம் பிறகு திறந்துகொள்கிறதா என்பதற்கு இது நல்ல ஆதாரம், கடைசிவரை பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

கோமதிநாயகம் முனிரத்தினத்தை ஏற இறங்கப் பார்த்தார். வெளியே எடுத்துப்போனது பெரிய தப்பு, வெளிநாட்டுத் தவளை, ஒன்று ஏரியில் விழுந்திருந்தால் எல்லாரும் பதில் சொல்லவேண்டி வந்திருக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். "நல்லவேளை எழுதி வச்சீரு. அதுக்காக வேலையை விட்டு அனுப்பல. ஆனா" என்று சொல்லி, மேஜைமேல் இருந்த நீல டேக்கை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டார்.

டிராயர் மூடுகிற சத்தம் சசிகலாவுக்குக் கேட்டது. முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"சரி. என் அண்டாவைக் காலி பண்ணிக் குடுங்க. நான் மணிமங்கலம் போறேன்."

முனிரத்தினம் தரையைப் பார்த்தார்.

"இப்ப காலி பண்ண முடியாதுங்க" என்றாள் ஐஸ்வர்யா. "பாத்திரம் மாத்தினா பாதி செத்துடும். வால் முழுசா வர்றவரைக்கும் இதுலயே இருக்கணும்."

"எவ்ளோ நாளு?"

"பதினஞ்சு நாள்."

"என் அண்டா இல்லாம நான் எப்படிப் போறது? சீர் அண்டா. விட்டுட்டு வந்ததுக்கே இன்னா ஆச்சின்னு பாத்தீங்க இல்ல" என்றாள் சசிகலா. கேட் பாஸை விரித்துக் காட்டினாள். "ரிட்டர்னபிள்னு எழுதிக்கிது."

"பதினஞ்சு நாள்னு தேதி போட்டுத் தரச் சொல்றேன்மா" என்றார் கோமதிநாயகம்.

"போடுங்க. அதுவரைக்கும் படப்பையில தான் இருப்பேன். தெனம் வந்து பாப்பேன்."

அப்புறம், பிரிந்து வந்த பிறகு முதல் தடவையாக, நடுவில் நான் இருக்கும்போதே, என்னை விட்டுவிட்டு நேராகப் புருஷனைப் பார்த்தாள். "கீரையை நல்லா மசிச்சிக் குடுத்தீங்களா, இல்ல காம்போடவா?"

"மசிச்சி தான்" என்றார் அவர்.

பதினைந்து நாளும் போய்ப் பார்த்தாள். வால் வந்தது, ஐஸ்வர்யா எழுதிக்கொண்டாள். அதற்குள் அடுத்த சோதனையைத் தொடங்கியிருந்தார்கள். பழைய அண்டாவில் செய்ததைப் புதுத் தொட்டியில் செய்தால் கணக்கு ஒத்துவராது என்று தேதியைத் தள்ளினார்கள். அதற்கப்புறமும் தள்ளினார்கள். மாதம் ஒருமுறை சசிகலா போய்க் கேட் பாஸில் புதுத் தேதி போட்டுக்கொண்டு, அண்டாவில் பெயர் தேயாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். சிவப்பு ஸ்டிக்கரை அவள்தான் உரித்தாள். தம்பி தணிகாசலம் போன் செய்து எப்போது வருகிறாய் என்று கேட்டால், "அண்டா வரட்டும்பா" என்கிறாள்.

முனிரத்தினம் இப்போது அதே ஆராய்ச்சிக்கூடத்தில், மஞ்சள் டேக்கோடு, தொட்டி அறையில் வேலை பார்க்கிறார். படப்பையில் சசிகலாவோடு இருக்கிறார்.